பாக்டீரியா நச்சு குடல் செல்களின் பிணைப்பைக் கரைத்துவிடுமா?

கேட்டவரின் கதை சுருக்கமாக இது. கல்யாண வீட்டில் மதியம் மட்டன் குழம்பு சாப்பிட்டிருக்கிறார். நள்ளிரவில் வயிற்றைப் பிசைந்து, நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை, வாந்தியும் பெரிதாக இல்லை. மறுநாள் மாலைக்குள் சரியாகிவிட்டது. மருத்துவர் கேட்டுவிட்டு, "பெர்ஃப்ரிஞ்சென்ஸாக இருக்கலாம்" என்று ஒரு பாக்டீரியாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைத் தேடிப் போனவர், அதன் நச்சு குடல் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைத்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டார். இப்போது குடல் ஓட்டையாகவே இருக்குமா, அதை அடைப்பதாகச் சொல்லி விற்கும் பொடியை வாங்கலாமா என்பது கேள்வி. ஆனால் அதற்கடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: வயிற்றுப்போக்கு வந்தால் குடல் சுவர் பிய்ந்திருக்க வேண்டும் என்பது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அது பாதிதான் சரி.

நான் மருத்துவர் இல்லை. குடல் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் பாக்டீரியா நச்சுகளை விட்டு என்ன ஆகிறது என்று பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். அதனால் நோயாளியின் வயிற்றைப் பற்றிச் சொல்வதைவிட செல்களைப் பற்றித்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டும் ஒன்றல்ல என்பதை வழியில் ஓரிரு இடத்தில் சொல்கிறேன்.

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள். அந்தப் பக்கம் கோடிக்கணக்கான பாக்டீரியா, இந்தப் பக்கம் நம் ரத்தம். நடுவில் சளிப்படலமும் இந்த ஓர் அடுக்கும்தான். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் பசையால் ஒட்டப்படவில்லை. ஒவ்வொரு செல்லும் தன் புரதங்களை வெளியே நீட்ட, அடுத்த செல்லின் அதே புரதம் அதைப் பற்றிக்கொள்கிறது. வரிசையாகக் கைகோத்து நிற்பவர்கள் மாதிரி. செல்லின் உச்சியில், அதைச் சுற்றிப் பட்டையாக ஓடுவது டைட் ஜங்ஷன். அதற்குச் சற்றுக் கீழே அட்ஹீரன்ஸ் ஜங்ஷன், இன்னும் கீழே அங்கங்கே டெஸ்மோசோம்கள். இந்த மூன்றையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1963இல் தெளிவாக விவரித்தவர்கள் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும். ஆனால் டைட் ஜங்ஷன் எந்தப் புரதத்தால் ஆனது என்பது அப்புறம் முப்பது வருடம் பிடிபடவில்லை. ஜப்பானில் ஷோய்ச்சிரோ ட்சுகிட்டாவின் குழு 1993இல் ஆக்லுடினையும், 1998இல் கிளாடின்களையும் கண்டுபிடித்த பிறகுதான் இந்தத் துறைக்கே வேகம் வந்தது.

கிளாடின் என்பது ஒரே புரதம் இல்லை, இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர் கொண்ட குடும்பம். எல்லாம் அடைப்பதற்கே என்று நினைத்துவிட வேண்டாம். கிளாடின்-2 சோடியத்துக்கு வழிவிடுகிறது. கிளாடின்-4 போன்றவை இறுக்குகின்றன. ஆக, நல்ல ஆரோக்கியமான குடலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும், தேர்ந்தெடுத்துக் கசியும். கீழே இருக்கும் அட்ஹீரன்ஸ் ஜங்ஷனின் முக்கியப் புரதம் ஈ-கேடெரின். அதற்குக் கால்சியம் இல்லாமல் முடியாது. அதன் வெளிப்பகுதி பக்கத்துச் செல்லைப் பிடிக்கிறது. உள்வால் பீட்டா-கேடனின் போன்ற புரதங்கள் வழியாக, செல்லின் உள்சட்டகமான ஆக்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்த உள்கட்டு முக்கியம். செல்லுக்குள் ஆக்டின் குலைந்தால் வெளியே பிடித்திருக்கும் பிடியும் நிற்காது.

ஆய்வகத்தில் இதை எப்படிப் பார்க்கிறோம் என்று சொன்னால் விளங்கும். காகோ-2 என்ற குடல் புற்றுநோய்ச் செல்களை நுண்துளை போட்ட ஒரு மெல்லிய சவ்வின் மேல் சுமார் மூன்று வாரம் வளர்ப்போம். அவை இறுகி ஒரே தளமாக நிற்கும். மேலே ஒரு மின்முனை, கீழே ஒரு மின்முனை வைத்து மின்தடையை அளந்தால், அடுக்கு எவ்வளவு இறுக்கம் என்று எண்ணாகவே தெரியும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கொஞ்சம் விட்டால், நிமிடக் கணக்கில் அந்த எண் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு செல்கூட செத்திருக்காது, பிடி மட்டும் விட்டிருக்கும். கால்சியத்தைத் திரும்பக் கொடுத்தால் சில மணி நேரத்தில் எண் மெல்ல ஏறும். புதிதாக வரும் மாணவர்களை முதலில் இதைச் செய்யச் சொல்வேன். பிடி விடுவது வேறு, செல் சாவது வேறு என்பது கையில் ஒருமுறை பட்டால்தான் மனதில் நிற்கும். உங்கள் கேள்விக்கான பதிலும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் மட்டன் குழம்பு. குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸின் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவம், கொதிக்கும் குழம்பிலும் பிழைக்கும். பெரிய அண்டாவில் சமைத்து அப்படியே வைத்தால், நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். வித்து முளைத்துப் பெருகத் தோதான சூடு 43 முதல் 47 டிகிரி வரை; அந்தச் சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரண்டு மடங்காகும். இந்த நோயில் நச்சு பெரும்பாலும் சாப்பாட்டில் இருப்பதில்லை. உயிருள்ள பாக்டீரியாவை லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் விழுங்குகிறோம். அவை சிறுகுடலில் மறுபடி வித்தாக மாறும்போது நச்சு உண்டாகி, தாய்ச்செல் உடைந்து வித்து வெளியேறும்போது அதுவும் வெளியே வருகிறது. மதியம் சாப்பிட்டவருக்கு நள்ளிரவில் தொடங்குவது அதனால்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி நச்சு சாப்பாட்டிலேயே தயாராக இருந்தால், அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தியோடு ஆரம்பித்துவிடும். உங்கள் மருத்துவர் நேரத்தையும் காய்ச்சலில்லாததையும் வைத்துத்தான் சொல்லியிருப்பார். மலத்தைப் பரிசோதிக்காமல் அதற்கு மேல் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்த நச்சு 319 அமினோ அமிலம் கொண்ட ஒரு சிறு புரதம். அதன் ஒரு முனை கிளாடின்-3, கிளாடின்-4 போன்றவற்றின் வெளி வளைவைப் பிடிக்கிறது. நீங்கள் படித்தது இந்த இடத்தில்தான் பாதியில் நின்றுவிட்டது. நச்சு கிளாடினைக் கரைப்பதற்காகப் பிடிக்கவில்லை. செல்லின் மேல் ஏற அதை ஒரு கைப்பிடியாகப் பயன்படுத்துகிறது. பிடித்த பிறகு ஆறு நச்சு மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து செல்லின் சவ்வில் ஒரு துளை போடுகின்றன. அதன் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. அளவு குறைவென்றால் செல் தன்னைத் தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும், அதிகமென்றால் வீங்கி வெடிக்கும். மைக்ராஸ்கோப்பில் செல்லின் ஓரத்தில் கொப்புளங்கள் கிளம்புவது தெரியும். பெர்ஃப்ரிஞ்சென்ஸ் வயிற்றுப்போக்கில் முதன்மையான சேதம் இதுதான்: குடலின் உட்சுவரில் குட்டி விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவற்றின் நுனியில் செல்கள் சாகின்றன, திரவம் வெளியேறுகிறது. முயல் குடலில் செய்த சோதனைகளில், திசு சேதம் ஆகாமல் திரவம் சேரவில்லை.

சரி, பிடி தளர்வது பொய்யா? இல்லை, அதுவும் உண்மைதான். துளை போடும் பகுதியை வெட்டிவிட்டு, பிடிக்கும் முனையை மட்டும் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தது ட்சுகிட்டாவின் குழு, 1999இல். செல்கள் சாகவில்லை. ஆனால் கிளாடின்-4 டைட் ஜங்ஷனிலிருந்து மெல்ல மறைந்தது, மின்தடையும் விழுந்தது. அதில் ஒரு நுணுக்கம்: செல்லின் அடிப்பக்கத்திலிருந்து கொடுத்தபோதுதான் அது வேலை செய்தது. குடலுக்குள் இருக்கும் நச்சோ மேல்பக்கத்திலிருந்து வருகிறது, அங்கே ஜங்ஷனுக்குள் பூட்டியிருக்கும் கிளாடின்கள் அதன் கைக்கு எட்டாது. ஏற்கனவே ஜங்ஷன் கொஞ்சம் கலைந்த செல்களில் கிளாடின் மேலே வெளிப்பட்டிருக்கும். நச்சு அவற்றை முதலில் தாக்கி, அங்கங்கே புள்ளி புள்ளியாகக் கசிவை உண்டாக்குகிறது என்று பெருங்குடல் செல்களில் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இது நம்பத் தகுந்ததாகப் படுகிறது. ஆனால் மனிதக் குடலில் கசிவின் எவ்வளவு பங்கு செல் சாவால், எவ்வளவு பங்கு பிடி தளர்வால் என்று யாராவது சதவீதம் சொன்னால், அதை நம்ப வேண்டாம்.

இப்போது அந்த அனுமானத்துக்கு வருகிறேன். வயிற்றுப்போக்கிலேயே கொடியது காலரா; மோசமான நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறும். அப்படியென்றால் குடல் சுவர் அடியோடு உரிந்திருக்க வேண்டும், இல்லையா? பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். பிணப் பரிசோதனையில் குடலின் உள்தோல் உரிந்து கிடந்ததைப் பார்த்தார்கள். அது இறந்த பிறகு ஏற்பட்ட மாற்றம். உயிரோடு இருந்த காலரா நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த பயாப்ஸிகள் பற்றிய ஆய்வு 1960இல் வந்தது. செல் அடுக்கு முழுசாக இருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 1959இல், கல்கத்தாவில் சம்புநாத் டே, பாக்டீரியாவே இல்லாமல் வடிகட்டிய காலரா வளர்ப்பு நீரை, இரு முனையும் கட்டிய முயல் குடலுக்குள் செலுத்தி, அது திரவத்தால் ஊதுவதைக் காட்டியிருந்தார். பாக்டீரியா குடலை அரிக்கவில்லை, அது விடும் நச்சுதான் வேலை செய்கிறது என்று நிறுவிய சோதனை அது. பெரிய ஆய்வகமோ பணமோ இல்லாமல், ஒரு முயல், கொஞ்சம் நூல், தெளிவான கேள்வி ஆகியவற்றை வைத்துச் செய்தது. அவருக்கு உரிய மரியாதை அவர் வாழ்ந்த காலத்தில் நம் நாட்டில் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

காலரா நச்சு செல்லுக்குள் போய், அங்கே சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறை எக்கச்சக்கமாக ஏற்றிவிடுகிறது. அதனால் சிஎஃப்டிஆர் என்ற வாயில் திறந்தபடியே நின்று குளோரைடைக் கொட்டுகிறது; சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. செல் உயிரோடு இருந்துகொண்டே தண்ணீரை இறைக்கிறது. இதற்கு ஓஆர்எஸ்ஸே சாட்சி. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து செல்லுக்குள் நுழையும் புரதம் காலராவிலும் கெடுவதில்லை, அதனால்தான் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் திலீப் மகாலநபிஸ் இதை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துக் காப்பாற்றினார். அடுக்கு உரிந்துபோயிருந்தால் அந்தத் தண்ணீர் வேலை செய்திருக்காது. காலராவில் ஜங்ஷன் துளிக்கூடத் தளராது என்று நான் சொல்லவில்லை. ஜங்ஷன் புரதங்கள் செல்லின் ஓரத்துக்குப் போய்ச் சேர்வதை அந்த நச்சு ஓரளவு தடுப்பதாக 2013இல் ஒரு ஆய்வு ஈ, எலி இரண்டிலும் காட்டியது. அதே பாக்டீரியா விடும் ஒரு புரதச் சிதைப்பான் ஆக்லுடினை வெட்டுவதும் தட்டில் தெரிகிறது. ஆனால் லிட்டர் கணக்கில் போவதற்குக் காரணம் அவை அல்ல.

பிடியையே குறிவைக்கும் நச்சைப் பார்க்க வேண்டுமென்றால் பாக்டீராய்டெஸ் ஃப்ராஜிலிஸிடம் போக வேண்டும். நம் பெருங்குடலில் சாதாரணமாக வாழும் இனம்தான், அதில் சில வகைகள் மட்டும் துத்தநாகம் தேவைப்படும் ஒரு புரதச் சிதைப்பானைச் சுரக்கின்றன. அது செல்கள் மேல் பட்டதும் ஈ-கேடெரினின் வெளிப்பகுதி வெட்டுப்பட்டு உதிர்ந்துவிடுகிறது. 1998இல் இது தெரிந்தது. மைக்ராஸ்கோப்பில் அழகான காட்சி: தட்டையாக நெருங்கி நின்ற செல்கள் ஒவ்வொன்றாக உருண்டு, விலகி, தனியாக நிற்கும். கொஞ்ச நேரத்தில் மிச்சமிருக்கும் உள்வாலையும் செல்லின் சொந்த நொதியான காமா-செக்ரடேஸ் நறுக்குகிறது. அதனால் அவிழ்ந்த பீட்டா-கேடனின் உட்கருவுக்குள் போய், செல் பெருகும் ஜீன்களைத் தூண்டுகிறது. பிடியை விட்ட செல்லுக்குப் பெருகு என்ற உத்தரவும் சேர்ந்தே போகிறது என்பதுதான் கவலைக்குரிய விஷயம். குடல் கட்டிகள் எளிதில் வரக்கூடிய எலிகளில் இந்த பாக்டீரியா கட்டிகளைக் கூட்டியது. பரம்பரையாகப் பாலிப்புகள் வரும் நோயாளிகளின் குடலில் இதையும் ஒருவகை ஈ. கோலையையும் சேர்த்துப் பார்த்ததாக 2018இல் செய்தி வந்தது. மனிதரில் இது புற்றுநோயை உண்டாக்குகிறது என்று முடிவு கட்ட இது போதாது. ஆரோக்கியமானவர்கள் பலரும் இதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள். நச்சே ஈ-கேடெரினை நேரடியாக வெட்டுகிறதா, அல்லது செல்லின் நொதி ஒன்றைத் தூண்டிவிட்டு வெட்டச் சொல்கிறதா என்பதிலும் வாதம் உண்டு. தூய நச்சையும் தூய ஈ-கேடெரினையும் குழாயில் கலந்தால் வெட்டு விழாதது இரண்டாவது பக்கத்துக்கு வலு.

உள்ளிருந்து கட்டை அவிழ்ப்பது குளோஸ்ட்ரிடியாய்டெஸ் டிஃபிசில். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, முக்கியமாக மருத்துவமனையில் இருக்கும் முதியவர்களுக்கு வருவது. அதன் இரண்டு பெரிய நச்சுகளும் செல்லுக்குள் நுழைந்து, ஆக்டினை மேய்க்கும் ரோ குடும்பப் புரதங்களின் மேல் ஒரு குளுக்கோஸை ஒட்டிவிடுகின்றன. 1995இல் ஜெர்மன் குழு ஒன்று இதைக் காட்டியது. ஒரேயொரு சர்க்கரை, அவ்வளவுதான். அந்தப் புரதங்கள் முடங்கி, ஆக்டின் சரிந்து, அதில் கட்டப்பட்ட ஜங்ஷன்கள் உள்ளிருந்து கழன்றுவிடுகின்றன. இங்கே பிடி தளர்வதும் செல் சாவதும் கடும் அழற்சியும் ஒன்றாக வருகின்றன. ஒரு நாளில் தானாக நின்ற உங்கள் வயிற்றுப்போக்கை இதோடு சேர்க்க வேண்டியதில்லை. பாட்யூலினம் என்ற இன்னொரு பாக்டீரியாவின் கதை இன்னும் விசித்திரம். நரம்பைத் தாக்கும் அதன் நச்சு குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போக வேண்டும். அதோடு சேர்ந்து வரும் ஹீமக்ளூட்டினின் புரதங்கள் ஈ-கேடெரினைப் பற்றிக்கொண்டு பிடியைத் தளர்த்தி வழி திறக்கின்றன. அங்கே வயிற்றுப்போக்கு பெரிய அறிகுறி இல்லை, மலச்சிக்கல்தான் வழக்கம். கதவு திறந்தும் வெள்ளம் வரவில்லை, காலராவிலோ கதவு மூடியே வெள்ளம்.

நீங்கள் பார்த்த பொடி விளம்பரத்தின் வேர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. முக்கிய நச்சை நீக்கிச் செய்த காலரா தடுப்பூசி வகைகளும் சிலருக்கு லேசான வயிற்றுப்போக்கைத் தந்தன. காரணம் தேடிய அலெசியோ ஃபசானோவின் குழு, டைட் ஜங்ஷனைத் தளர்த்தும் ஒரு புரதத்தை 1991இல் அறிவித்தது. அதே மாதிரி நம் உடலே சுரக்கும் ஒன்று இருப்பதாகவும், அதற்கு சோனுலின் என்று பெயரிட்டும் பின்னால் எழுதினார்கள். அது ஹாப்டோகுளோபின்-2இன் முன்வடிவம் என்று 2009இல் அடையாளம் காட்டினார்கள். கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய்க்காக இந்த வழியில் உருவான லாராசோடைட் என்ற மருந்தின் கடைசிக் கட்டச் சோதனை, பலன் தெரியாததால் 2022இல் நிறுத்தப்பட்டது. அதைவிட முக்கியம், சோனுலின் அளக்க விற்கும் சோதனைப் பெட்டிகள் அந்தப் புரதத்தைப் பிடிக்கவில்லை, வேறு புரதங்களைத்தான் பிடிக்கின்றன என்று தனித்தனி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே யாராவது ரத்தத்தில் சோனுலின் பார்த்து "உங்கள் குடல் கசிகிறது" என்றால், காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குலைந்தது சேருமா என்றால், சேரும். ஒரு செல் செத்து உதிர்ந்ததும் பக்கத்துச் செல்கள் தட்டையாகி நகர்ந்து இடைவெளியை மூட ஆரம்பித்துவிடும். சிறிய இடைவெளிகளுக்கு நிமிடங்கள், மணிகள் போதும். சிறுகுடலின் அடுக்கு முழுவதுமே எப்படியும் ஐந்து நாளுக்குள் புதிதாகிவிடுகிறது. உங்களைத் தாக்கிய நச்சு குடல் விரல்களின் நுனியில் இருந்த செல்களைத் தொட்டது. அவை அடுத்த ஓரிரு நாளில் தாமாகவே உதிர வேண்டியவைதான். நீங்கள் கேள்வி எழுதும்போதே அந்தச் செல்கள் உங்கள் உடலில் இல்லை.

சிலருக்கு மட்டும் கடுமையான குடல் தொற்றுக்குப் பின் மாதக்கணக்கில் வயிற்றுத் தொந்தரவு நீடிப்பது உண்டு. 2000ஆம் ஆண்டு கனடாவின் வாக்கர்டன் ஊரில் குடிநீர் கெட்டு ஆயிரக்கணக்கானோர் நோயுற்றபோது, பின்னாளில் இப்படித் தொந்தரவு நீடித்தவர்களின் குடல் கசிவு மற்றவர்களைவிடச் சற்றே கூடியிருந்தது. அந்த மாதிரி நோயாளிகளுக்கு, அதுவும் கசிவு அளந்து உறுதியானவர்களுக்கு, எட்டு வாரம் குளூட்டமைன் என்ற அமினோ அமிலம் கொடுத்த ஒரு சிறிய சோதனை 2019இல் நல்ல பலன் காட்டியது. நூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே கொண்டது, அதனால் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். பொடி விற்பவர்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான், "தொற்றுக்குப் பிறகு மாதக்கணக்கில்" என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு. ஒரே நாளில் நின்ற உங்கள் வயிற்றுப்போக்குக்கு அது தேவையில்லை. அடுத்த வாரம் வரை தொந்தரவு தொடர்ந்தாலோ, மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ வந்தாலோ, அப்போது மருத்துவரிடம் போய் மலப் பரிசோதனை செய்யுங்கள், பொடிக் கடைக்கு வேண்டாம்.